ரோட்டோரப் பாத்தி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நேற்று அத்தானைப் பிடித்தேன். "அக்கா பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டதற்கு, "இருக்கா பாப்பா. தலைவலின்னு சொல்லச் சொல்றா" என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்தானே, வேறு ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அதனால்தான் கடிதம். போனைப் போல இதை அடிக்கவிட முடியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதலில் கையில் எடுத்தாக வேண்டும்.

அத்தான் அதிகம் பேசவில்லை. "மழை ஏமாத்திருச்சு. இலை சுருண்டிருச்சு பாப்பா. நீ மனசுல வச்சுக்காதே" என்றார். பயிர் போனது அவருக்கு, ஆறுதல் எனக்கு. போனை வைத்த பிறகு பசுமைக்குடிலுக்குள் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருநூறு தொட்டிச் சோளம், எல்லாம் பச்சைப்பசேல் என்று. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

எனக்குச் சில விவரம் வேண்டும். எத்தனை நாள் மழை இல்லை? எந்தத் தேதியில் இலை சுருண்டது? பழைய விதை போட்ட வயலில் எப்போது சுருண்டது? எங்கள் விதை வாங்கிய நாற்பது வீட்டில் எத்தனை வீட்டுப் பயிர் தேறும்? செப்டம்பர் 18 அன்று விதைக் குழு கூடுகிறது. எங்கள் எழுபத்தொன்றாம் எண் விதையை அடுத்த பருவத்தில் நாலாயிரம் வீடுகளுக்குக் கொடுப்பதா என்று அன்றைக்குத்தான் முடிவு. "போன வருஷம் சோதனை வயல் வச்ச உங்க அக்காகிட்டயே எழுதி வாங்குங்க" என்கிறார் எங்கள் தலைவர்.

எழுதி முடித்துப் பார்த்தால் இது கடிதமாக இல்லை, படிவமாக இருக்கிறது. ஆறு வருடம் படிவம் நிரப்பிய கை. திட்டிக்கொள். ஆனால் பதில் எழுது.

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட விவரங்கள்.

முப்பத்தாறு நாள் மழை இல்லை. முப்பத்தேழாம் நாள் ஏழு சொட்டு விழுந்தது. வாசலில் நின்று எண்ணினேன். வேறு வேலை என்ன இருக்கிறது?

இலை சுருண்டது ஜூலை 19. எதிர் வயல்காரர் உன் விதையை வாங்கவில்லை, பழையதைத்தான் போட்டார். அவருடையதும் அதே ஜூலை 19. ஆனால் அவர் கெட்டிக்காரர். மழை சந்தேகமாக இருக்கிற வருடத்தில் எல்லாரும் செய்வதுபோலப் பாதி நிலத்தை மட்டும் விதைத்துவிட்டு, மீதியை உழுது சும்மா போட்டிருந்தார். அதில் ஈரம் நிற்கிறது. அடுத்த பருவத்துக்கு அவருக்கு வழி இருக்கிறது. நம் நாற்பது வீட்டிலும் ஒரு அங்குலம் விடாமல் விதைத்தோம். ஏன் என்று கேட்க மாட்டாயா? உன் அத்தான் வீடு வீடாகப் போய், "என் கொழுந்தியா கண்டுபிடிச்ச விதை. தண்ணி இல்லாட்டியும் தாங்கும். பாதி நிலத்தைச் சும்மா போடாதீங்க" என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை, இவரே போய்ச் சொன்னார். அப்படி ஒரு பெருமை.

எத்தனை வீடு தேறும் என்று கேட்டிருக்கிறாய். தேறினால் எழுதுகிறேன்.

இங்கே உன் விதைக்குப் பெயரே பாப்பா விதை. உரக்கடையில் போன வாரம் ஒருவர், "பாப்பாவுக்குத் தாகம் எடுத்துருச்சுபோல, யாராவது தூக்கி வச்சுக்கோங்கப்பா" என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து உரக்கடைக்குப் பின்சந்து வழியாகப் போகிறார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். கேட்டால் பசி இல்லை என்கிறார். என் பெண் நேற்று, "சித்தி விதை செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டாள். போய்ப் படி என்று விரட்டினேன்.

உனக்கு விவரம் வேண்டும், சரி. எனக்கும் ஒன்றே ஒன்று வேண்டும். அந்த விதை தாங்காது என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது. மழை, மண், சூடு என்று நாலு பக்கம் எழுதாதே.

தலைவலி இன்னும் போகவில்லை.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 17

அக்கா,

தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டதும் உனக்கு எரியும். இருந்தாலும் முழுக்கப் படி.

நான் செய்தது என்னவென்று உனக்குச் சோற்றுப் பருக்கை எண்ணிச் சொல்வதுபோல ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சோளத்தின் மரபணுவில் ஓரிடத்தில் ஒரு சின்ன வெட்டு. வெயில் ஏறும்போது இலையில் இருக்கிற நுண்துளைகள் மற்றச் சோளத்தைவிட முன்னதாகவே மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியே போகாது. நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் துளை வழியாகத்தான் செடி தன் உணவுக்கு வேண்டிய காற்றையும் எடுக்கிறது. துளையை மூடினால் தாகமும் குறையும், வளர்த்தியும் குறையும். அதனால்தான் என் செடி எப்போதும் ஒரு சாண் குள்ளம்.

பசுமைக்குடிலில் எப்படிச் சோதிப்போம் தெரியுமா? ஒரே அளவுத் தொட்டி, ஒரே அளவு மண், தொட்டிக்கு ஒரு செடி. ஒருநாள் எல்லாவற்றுக்கும் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு அத்தோடு நிறுத்திவிடுவோம். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியாக எடை பார்த்து, எவ்வளவு தண்ணீர் குறைந்தது, எந்த நாளில் எது வாடியது என்று எழுதுவோம். என் செடி பழையதைவிட ஆறு நாள் அதிகம் நின்றது. ஆறு நாள், அக்கா! அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

கை தட்டாதவர் ஒருவர்தான். தொட்டிகளை எடை போடுகிறவர். தராசு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், உங்க செடி குள்ளம். குள்ளம் கம்மியாக் குடிக்குது. ரெண்டு வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணி குடுக்குறீங்க. ஒரு வீட்ல ரெண்டு பேரு, இன்னொரு வீட்ல ஆறு பேரு. ரெண்டு பேர் இருக்குற வீட்டுக் குடத்துல தண்ணி மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதுக்குப் பேரு தாகம் தாங்குறதா?"

"அப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"ரெண்டையும் ஒரே தொட்டில வைங்க. ஒரே தண்ணில நிக்கட்டும். யாரு மொதல்ல தலை சாயுறாங்கன்னு பாப்போம்."

சரியான பேச்சு. எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. தோன்றியும் இருந்தது என்பதுதான் உண்மை. அறிக்கை கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. "அடுத்த தடவை பாக்கலாம். தொட்டி என்ன சொல்றது, வயல் சொல்லட்டும்" என்றேன். வயல் என்றால் உன் வயல்.

வயலும் சொன்னது. உன் நோட்டில் ரோட்டோரப் பாத்தியில் இருந்த என் விதைக்கு ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று மார்க். இலை நன்றாக விரிந்திருக்கிறது என்று அர்த்தம். பம்பு அறைக்குப் பின்னால் இருந்த பழைய விதைக்கு ஏழு, எட்டு, ஏழு. குழாய் போலச் சுருண்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வாரமும் அப்படியே. போன வருடம் கடைசியில் மழை வந்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு விளைந்ததால், அந்த மார்க்தான் குழுவுக்கு முக்கியச் சான்று. அதைப் பார்த்த பிறகு தராசு சொன்னதை ஓரமாக வைத்துவிட்டேன். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

இதுதான் நடந்தது. அத்தானிடம் நீயே சொல்வாயா, நான் சொல்லட்டுமா? எனக்கு அவர் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அவர் திட்ட மாட்டார், அதுதான் பயம்.

பாப்பா

&nbsp;

ஆகஸ்ட் 26

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். ஒருமுறை பால் பொங்கியது, ஒருமுறை பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், மற்ற இரண்டு முறை சும்மாவே எழுந்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். பெண் பள்ளிக்குப் போய்வருகிறாள். வேன் பழையபடி காலை ஆறே முக்காலுக்கு ரோட்டுக்கு வருகிறது. ஓட்டுநர் மட்டும் புது ஆள், இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. ஹாரன் அடித்தே ஊரை எழுப்புகிறார். காய்ந்த சோளத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாடு குறை சொல்லவில்லை.

குள்ளச் செடி விஷயத்தை உன் அத்தானிடம் சொன்னேன். குடம் கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அந்தத் தராசு ஆளு நம்ம ஊரா?" என்று கேட்டார்.

ஒரு விஷயம். அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது? நான் எழுதிக் கொடுத்தது. அதைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவசரம் இல்லை. ஆனால் செப்டம்பர் 18க்கு முன்னால் அனுப்பினால் நல்லது. சும்மாதான் கேட்கிறேன். அதில் பின்பக்கம் பால் கணக்கு ஏதோ எழுதியிருந்த ஞாபகம்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

&nbsp;

செப்டம்பர் 1

அக்கா,

நோட்டு என் அலுவலக அலமாரியில் பூட்டில் இருக்கிறது. சோதனை சம்பந்தப்பட்ட எதையும் வெளியே அனுப்ப விதி இடம் கொடுக்காது. பின்பக்கம் பார்த்தேன், பால் கணக்கு எதுவும் இல்லை. எதற்குக் கேட்டாய்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. வேண்டாம், சொல்லாதே. பிறகு பேசிக்கொள்ளலாம்.

தலைவரிடம் பேசினேன். ஊரில் பயிர் போனதைச் சொன்னதும் அவர் அசரவே இல்லை. "முப்பத்தாறு நாள் மழை இல்லேன்னா எந்தப் பயிர்தான் தாங்கும்? வறட்சி அளவு மீறிப் போச்சுன்னு ஒரு வரி சேத்துருங்க" என்றார். ஒரு வரிதானாம். ஒருவிதத்தில் அது பொய்யும் இல்லை. அதுதான் தொந்தரவு.

தராசு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். ஜூலையிலேயே, என்னிடம் கேட்காமல், குடிலின் பின்மூலையில் ஓர் அகலத் தொட்டியில் என் செடி இரண்டு, பழையது இரண்டு நட்டு வளர்த்திருக்கிறார். இன்றுதான் காட்டினார். இலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. "உங்களுக்குச் சொல்லாம வச்சதுக்கு மன்னிக்கணும் மேடம். இன்னிக்குத் தண்ணிய நிறுத்தட்டுமா?" என்றார். நிறுத்துங்கள் என்றேன்.

முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

பாப்பா

&nbsp;

செப்டம்பர் 7

பாப்பா,

நீ சொல்லாதே என்றாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். போன் செய்து மட்டும் சொல்லாதே, எழுது.

போன வருடம் நீ கொடுத்த நோட்டில் மணி என்ற இடத்தில் பகல் 12 என்று அச்சடித்தே இருந்தது. உச்சி வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று நீ என் தலையில் குட்டிச் சொன்னாய். முதல் நான்கு நாள் ஒழுங்காகப் போனேன். அப்புறம் எனக்கு வசதியாக ஒன்று செய்தேன். ரோட்டோரப் பாத்தி வேன் நிற்கும் இடத்திலேயே இருக்கிறதில்லையா? காலையில் பெண்ணை ஏற்றிவிட நிற்கும்போது சும்மா நிற்கிறோமே, உன் விதையைப் பார்த்து மார்க் போட்டுவிட்டால் ஒரு வேலை முடிந்தது என்று போட்டுவிடுவேன். மணி ஆறே முக்கால். பழைய விதை பம்பு அறைக்குப் பின்னால். அந்தப் பக்கம் நான் போவது உன் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதுதான். அது சரியாகப் பன்னிரண்டு. ஒன்பது வாரமும் உன்னுடையதைக் காலையில் பார்த்தேன், பழையதை மத்தியானத்தில் பார்த்தேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இலை இலைதானே, காலையில் என்ன, மதியம் என்ன என்று நினைத்தேன். அச்சடித்திருந்த பன்னிரண்டை நான் அடித்துத் திருத்தவும் இல்லை.

இந்த ஜூலையில்தான் தெரிந்தது. 19ஆம் தேதி மத்தியானம் ரோட்டுப் பக்கம் போனேன். பாப்பா விதை மொத்தமும் சுருண்டு கிடந்தது. பதறிப்போய் வந்து இவரிடம் சொன்னேன். மறுநாள் காலை கடைக்குப் போகும்போது பார்த்தால் அதே இலை விரிந்து நிற்கிறது! மத்தியானம் போனால் மறுபடி சுருட்டு. ராத்திரிக் குளிர்ச்சியில் எந்தச் செடியும் கொஞ்சம் தேறி எழுந்துவிடுகிறது. பழையதும்தான். பம்பு அறைக்குப் பின்னால் காலையில் போயிருந்தால் அதற்கும் ஒன்று, ஒன்று என்றுதான் போட்டிருப்பேன்.

தலைவலி இல்லை டி. பயம். உன் மேல் கோபமாகக் கடிதம் எழுதினேனே, அதை எழுத எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? உன்னைத் திட்டும் நேரம் மட்டும் என்னை நான் திட்டாமல் இருந்தேன். நாற்பது வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்து, பாவம், தங்கச்சியை நம்பி இவளும் கெட்டாள் என்று பேசுகிறார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் உன் கடிதம். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் ஆறு வருட உழைப்பையும் நாற்பது வீட்டு நிலத்தையும் ஒரு பள்ளி வேனுக்காகக் கெடுத்தவள் நான்.

அதனால் இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தவறான நேரத்தில் பார்த்து எழுதியது நான், ஆராய்ச்சியாளருக்கு இது எதுவும் தெரியாது, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அத்தான் சாட்சி. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையில் கொடுத்தேன். தாளைப் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். தானும் போட்டார். பிறகு தண்ணீரே இல்லாத பம்பைப் போய்க் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதைக் குழுவில் கொடு. விதையை நிறுத்தட்டும், ஆனால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நாளையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போகப்போகிறேன்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 21

அக்கா,

நீ வீடு வீடாகப் போவதை நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு போ.

எனக்குத் தெரியும். இந்த ஜூலையில் உனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, போன வருடம் நவம்பரிலேயே எனக்குத் தெரியும்.

உன் நோட்டில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. நீ அதை நிரப்பியிருந்தாய். பூச்சி, மாடு மேய்ந்தது, பக்கத்து வீட்டு நாய் என்று என்னென்னவோ. பதினோரு இடத்தில், ரோட்டோரப் பாத்திக்கு நேராக, "இலையில் பனி. துடைத்துவிட்டுப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாய். உன் குண்டு குண்டுக் கையெழுத்து. கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் முதல் தடவை சிரித்தேன், அக்கா துடைத்தும் பார்த்திருக்கிறாளே என்று. இரண்டாவது தடவை வந்தபோது விரல் நின்றுவிட்டது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இலையில் எங்கிருந்து பனி வரும்? பழைய விதைக்கு நேராக ஓரிடத்தில்கூடப் பனி இல்லை. அடுத்த நிமிடமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரோடு, வேன், காலை எல்லாம் கண்முன்னே வந்தது. அந்த இடத்தில் நானும் உன்னோடு நின்று பெண்ணை வேனில் ஏற்றிவிட்டிருக்கிறேனே.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கணினியில் குறிப்புக் கட்டத்தை முழுதாக அழித்தேன். தேதி, விதை, மார்க் மட்டும் போதும், குறிப்பு தேவையில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டீ குடித்துவிட்டு வந்து மீதியை ஏற்றினேன்.

இரண்டு பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் வகுப்பில் படிக்கிற பாடம். உன் வயலில் ஏன் ஒன்று ரோட்டோரம், ஒன்று பம்பு அறைக்குப் பின்னால்? குழுவினர் வண்டியிலிருந்து இறங்காமலே என் விதையைப் பார்க்கட்டும் என்று ரோட்டோரம் கேட்டவள் நான்தான். நீ அங்கே நின்று பார்த்ததற்கும் காரணம் நான்தான்.

இன்னும் கேள். "அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால்" என்று ஆகஸ்டில் எழுதினேனே, அது தெரியாமல் எழுதிய வரி இல்லை. பாரத்தில் ஒரு பங்கு உன் பக்கம் போகட்டும் என்று தெரிந்தே எழுதினேன். நீ நோட்டைத் திருப்பிக் கேட்டபோது உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. விதி இடம் கொடுக்காது என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

உன் தாள் பத்தாம் தேதி வந்தது. எட்டு நாள் என் கைப்பையில் இருந்தது. நகல்கூட எடுத்தேன். ஆராய்ச்சியாளருக்கு எதுவும் தெரியாது என்று உன் கையெழுத்தில் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது! தலைவரிடம் காட்டியிருந்தால் அவரே உறை வாங்கிக் கொடுத்திருப்பார். ஒவ்வொரு காலையும் இன்று கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அத்தானின் சாட்சிக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பையை மூடிவிடுவேன். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அவரை ஒரு பொய்க்குச் சாட்சியாக்கி வைத்திருந்தேன்.

தொட்டிச் செடிகள் செப்டம்பர் 9ஆம் தேதி மத்தியானம் வாடின. நான்கும் ஒரே நாளில். தராசு தேதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

18ஆம் தேதி குழுவில் உன் நோட்டையே வைத்தேன், பனி எழுதிய பக்கங்களைத் திறந்து. தொட்டியின் படத்தையும் வைத்தேன். தலைமையில் இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "போன நவம்பர்ல" என்றேன். "விதை குடுத்தது?" "இந்த மே மாசம்." அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அறையில் இருந்த யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாயிரம் வீட்டுக்குப் போகாது. அது நின்றுவிட்டது. விசாரணை முடியும் வரை என்னை விதைக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். பொட்டலத்துக்குச் சீட்டு ஒட்டுகிறேன். தேதி, எண், குறிப்பு.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நகலைக் கிழித்துவிட்டேன்.

மன்னிப்பு என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். இந்தக் கடிதத்தில் இருக்கிற கறுப்புத் திட்டுகள் அதுதான்.

பாப்பா

&nbsp;

செப்டம்பர் 29

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை வேன் நிற்கும் இடத்தில் வைத்துத்தான் படித்தேன். முந்தின நாள் சாயங்காலம் தபால்காரர் கொடுத்ததை அங்கேதான் பிரித்தேன். படித்து முடித்தபோது வேன் போய்விட்டிருந்தது. பெண் ஏறினாளா என்றுகூடக் கவனிக்கவில்லை. ஏறியிருந்தாள்.

ஆறு வருடம் நீ அந்தப் பசுமைக்குடிலில் கிடந்தது எனக்குத் தெரியும். நீ கெட்டவள் இல்லை என்பதும் தெரியும். ஆனால் எனக்கு ஆறவில்லை டி. நான் இரண்டு மாதம் சோறு இறங்காமல் இருந்தேன். உன் அத்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் அப்படி விட்டுவிட்டு நீ அங்கே தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய்.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த நவம்பரில் நீ டீ குடிக்கப் போனாயே, அந்த நேரத்தில் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். "ஏன்க்கா, பன்னெண்டு மணிக்கு உன் வயல்ல மட்டும் எங்கேருந்து பனி வருது?" என்று ஒரே ஒரு கேள்வி. எப்படியெல்லாம் கிண்டல் செய்வாய், அந்தக் குரலிலேயே கேட்டிருக்கலாம். நான் சிரித்துவிட்டு, ஐயோ தெரியாம போயிருச்சு டி, அடுத்த வருஷம் ஒழுங்காப் பாக்குறேன் என்று சொல்லியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். எல்லாரும் எப்போதும்போலப் பாதி நிலத்தைச் சும்மா போட்டிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க என்னைக் கேலி பேசிய உனக்கு, பேச வேண்டிய ஒரு நாளில் வாய் வரவில்லை.

உன் அத்தானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். "பாப்பா கிடங்குல தனியாவா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்காகச் சொல்கிறேன், எனக்காக இல்லை. அவரிடம் போனில் பேசு.

வீடு வீடாகப் போனேன். உன் கடிதம் வருவதற்குள் இருபத்தாறு வீடு முடித்துவிட்டேன். என் தப்பைச் சொன்னேன், காலை, மதியம், வேன், எல்லாம். சிலர் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. உரக்கடையில் கேலி பேசினாரே, அவர் வீட்டுக்கும் போனேன். அவர் எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தார். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "பாப்பாவுக்கு இது தெரியாதுல்ல?"

தெரியாது என்று சொன்னேன். இருபத்தாறு தடவை சொன்னேன். அப்போது எனக்கு அதுதான் உண்மை.

கடிதம் வந்த அன்றோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பதினான்கு வீட்டுக்கு நான் போகப்போவதில்லை. என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொன்னால் அது கோள் சொல்வதாகிவிடும். நீ வா. முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், அந்த இருபத்தாறையும் சேர்த்து. நான் கூட வருகிறேன், வாசலில் நிற்கிறேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன், எவ்வளவு திணறினாலும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

காலையில் வந்துவிடாதே, எல்லாரும் வெளியே போயிருப்பார்கள். பகல் பன்னிரண்டுக்கு வா. அந்த நேரத்தில்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

அக்கா